வேலந்தாவளம், இரவு பதினொன்று நாற்பது

பெட்டியைத் திறக்கச் சொன்னான்.
தெர்மாக்கோல் மூடி கிறீச்சிட
உலர்பனியின் புகை எழுந்து
அவன் பூட்ஸ் மேல் வழிந்தது.
ஸ்பிரிட் கேன்களையே தேடிப் பழகிய டார்ச்
இருபத்து நான்கு குப்பிகளின் மேல்
என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

எந்தா சேச்சி இது, மீனா?

மூளை, என்றேன்.

எலி மூளை. பிறந்து ஏழு நாளான குட்டிகளுடையது.
ஒவ்வொன்றும் ஒரு மொச்சைக்கொட்டை.
விலங்குக் கூடம் கோவையில், நல்ல நுண்ணோக்கி பாலக்காட்டில்;
பதினெட்டு வருடமாக என் ஆராய்ச்சியின் நடுவே
ஒரு மாநில எல்லை கிடக்கிறது.
கடிதம் இருக்கிறது, நெறிமுறைக் குழு எண் இருக்கிறது.
அவன் முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

வகுப்பில் நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன்:
ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்.
பிள்ளைகள் சிரித்தபடி எழுதிக்கொள்வார்கள்.
கள்ளச் சரக்கைப் பற்றி எனக்குக் கவலையில்லை.
டாக்டர் சீட்டோடு, சரியான ரசீதோடு
பட்டப்பகலில் கடக்கிற லாரியைத்தான்
இத்தனை காலமும் பின்தொடர்கிறேன்.

முதல் ஆறு வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை.
சினை எலிக்குப் பதினான்காம் நாள் ஊசி போட்டோம்.
கூண்டு கழுவும் மாசிலாமணி ஒருநாள்
துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுச் சொன்னார்:
'மேடம், கணக்குத் தப்பிப் பன்னிரண்டுல போட்டீங்களே,
அந்த ஈத்து மட்டும் தாயைத் தேடிப் போக மாட்டேங்குது.
மூலைக்கொன்னா கெடக்குது.'
அங்கிருந்துதான் எல்லாம்.
நன்றியுரையில் அவர் பெயரைப் பிழையாக அச்சிட்டார்கள்.

நரம்பணு பிறந்த இடத்தில் தங்குவதில்லை.
மெல்லிய நார் ஒன்றைக் கட்டிப்பிடித்து
சித்தூர்ப் பக்கத்துப் பனையேறி போல
மேலே மேலே ஏறும்.
தன் அடுக்கு வந்ததும் கையை விடும்.
மருந்து பட்டவை பாதியில் விட்டன.
சில, விடவே இல்லை.
அதைப் படமெடுத்த இரவு
பரிசோதனைக்கூடத்தில் தனியாக ஆடினேன்,
சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவன் மூடியைப் பொருத்தினான். கையை எடுக்கவில்லை.
என்ன மருந்து? வலிப்புக்கானது.
எலிக்கு வலிப்பு வருமா?

போனைத் துடைத்து நீட்டினான்.
மாத்திரை அட்டையின் படம்,
நான்கு குழி காலி.
ரெம்யா, என்றான். பாரியாள். ரெண்டு மாசம்.

எலியின் பன்னிரண்டாம் நாள்
பெண்ணுக்கு எத்தனையாவது நாள்?
தெரிந்த கணக்கு; இருந்தும் விரல் மடக்கி எண்ணினேன்.
தாண்டியிருந்தது.
எண்ணியதை அவன் பார்த்துவிட்டான்.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், என்றேன்.
நிறுத்தினால் அவள் விழுவாள், அது இன்னும் மோசம்.
விடிந்ததும் நரம்பு டாக்டரிடம் போங்கள்.
அளவைக் குறைக்கலாம், மாற்றலாம், அவர்கள் சொல்வார்கள்.
நிறைய குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன.
எலி வேறு, மனிதர் வேறு.

முப்பத்தொரு கட்டுரைகளின் கடைசிப் பத்தியிலும்
இருக்கிற வாக்கியம் அது.
ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னது
அன்றுதான் முதல் தடவை.

கணவாய்க் காற்று தடுப்புக்கம்பியை ஆட்டியது.
ஒரு டாக்டரின் பெயரைச் சுங்க ரசீதின் பின்புறம்
எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்தான்,
மறுபடி எடுத்துப் பார்த்தான், வைத்தான்.

பதிவேட்டில் வண்டி எண் எழுதினான், நேரம் எழுதினான்.
சரக்கு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
தலைகீழாகத் தெரிந்த மலையாளத்தை
எழுத்துக் கூட்டினேன்:
குஞ்ஞுங்ஙள், 24 எண்ணம்.

பின்னால் பால்வண்டி ஹார்ன் அடித்தது.
பனிக்கட்டி இன்னும் இரண்டு மணி நேரம்தான் தாங்கும்.